ஆறு இலக்கங்கள்

அட்டை காலாவதியாகிவிட்டது.
இனிமேல் அட்டையே இல்லை என்று
மின்னஞ்சல் வந்து மூன்று மாதம்.
நான்தான் திறந்து பார்க்கவில்லை.

வெள்ளவத்தை, இராமகிருஷ்ண வீதியில்
கடல் பக்கத்து முனை.
நஸ்மியின் கொம்யூனிகேஷனில்
ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை,
அதற்கும் ஒரு கால் கொஞ்சம் கட்டை.
விடிந்தால் விமானம்.
"எல்லாம் ஒன்லைன்லதான் ஈக்குது மிஸ்,
கைல ஒண்டும் தேவில்ல"
என்கிறான்,
கையில் ஒன்றுமில்லாமல்
இந்த நகரத்தில் ஒரு தெருவும் நடந்திராத என்னிடம்.

பதினேழு வயதில்
கொட்டாஞ்சேனை லொட்ஜில்
பொலிஸ் பதிவுத் துண்டை நான்காக மடித்து
உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.
பஸ் சாவடியில் நிற்குமுன்பே
விரல் அடையாள அட்டையில் இருக்கும்.
ஒரு வெயில்காலம்
வியர்வையில் ஊறி
முத்திரையின் ஊதா தோலில் பதிந்துவிட
இரண்டு நாள்
என்னுடைய அத்தாட்சிப்படுத்திய பிரதியாக
நானே திரிந்தேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
சுற்றி முடிந்து
"வணக்கம், பரராசசிங்கம்" என்றது.

அது அப்பா.
எது என் பெயர், எது தகப்பன் பெயர் என்று
எந்தப் படிவத்துக்கும் விளங்கியதில்லை.
நயினாதீவுப் படகுக்கு மேல் கடல் காணாத மனிதர்,
பாஸ்போர்ட்டுக்குப் படம்கூடப் பிடிக்காதவர்,
பிரித்தானியாவில் வசிக்கும் உரித்துடன்
உள்ளே இருக்கிறார்.
எனக்குத்தான் வாசலில் மறிப்பு.

பழைய பாஸ்போர்ட் இலக்கம் கேட்டது. கொடுத்தேன்.
புதியதை இணைக்கவா என்றது. ஓம்.
முகத்தைக் காட்டு என்றது.
நஸ்மி இரண்டு லைற்றையும் போட்டு
பின்சுவரின் ரீலோட் விளம்பரத்தை
பெட்ஷீற்றால் மறைத்தான்.
"சிரிக்கப் போடாது மிஸ்."
நான் எங்கே சிரித்தேன்?

கடைசியில்,
உங்கள் தொலைபேசிக்கு
ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியுள்ளோம்,
முடிவு 46.

46 என்னுடையதல்ல.
46 சுகிர்தன்.
விண்ணப்பம் நிரப்பிய காலத்தில்
ஒரு அறை, ஒரு கேத்தில்,
இரண்டு பேருக்கும் ஒரு போன்.
பிறகு வழக்கறிஞர்கள் எல்லாவற்றையும் பிரித்தார்கள்:
கார்க் கடனை, கட்டிலை,
அரிசி அவிக்கிற குக்கரைக்கூட.
இதை யாரும் பட்டியலில் எழுதவில்லை.

பத்து நிமிடம் என்றது திரை.
ஒன்பது.
பாணந்துறை ரயில் ஒன்று
கடைக் கண்ணாடியை உலுக்கிக்கொண்டு போனது.
எட்டு.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அழைத்தேன்.
அங்கே மத்தியானம்.
கிடங்கில் ஏதோ வண்டி
பின்னுக்கு வரும் பீப் பீப் சத்தம்.
"வந்திருக்கு" என்றான்
ஹலோவுக்கு முன்பே.
"களவெண்டு நினைச்சு அழிக்கப் பாத்தன்."
வாசித்தான்.

நாலு.
சைபர்.
ஒன்பது.

நான் வந்திறங்கிய முதல் கிழமை
பஸ் இலக்கங்களைச் சொல்லித்தந்த அதே நிதானம்.
பிழையான பஸ்ஸில் ஏறிவிடுவேன் என்ற
அதே பயம்.

ரெண்டு. ரெண்டு.
"ரெண்டு தரமோ?"
"ஓம், ரெண்டு ரெண்டு. கடைசி ஏழு."

பச்சையாக ஒரு சரி விழுந்தது.
"சரி வந்திட்டுதோ?"
"வந்திட்டுது."
நானும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.
அந்த வண்டி மட்டும்
இன்னும் பின்னுக்கு வந்துகொண்டே இருந்தது.
"நம்பரை மாத்து" என்றான்.
"எல்லா நேரமும் நான் போன் பாக்கிறேல்ல."

மாற்றுவதென்றால்
முதலில் 46-க்கு
இன்னொரு குறியீடு போகுமாம்.
"இப்பவே செய்வமா?" என்று கேட்கிறான் நஸ்மி.
நாளைக்குப் பார்ப்போம் என்கிறேன்,
நாளைக்கு நான் இங்கே இல்லை என்பது
அவனுக்கும் தெரியும்.

பக்கத்தை பிரின்ட் எடுக்கச் சொன்னேன்.
இதை அத்தாட்சியாகக் காட்ட முடியாது என்று
அந்தத் தாளின் தலையிலேயே எழுதியிருக்கிறது.
இன்னும் சூடாக இருந்தது.
நான்காக மடித்தேன்.

"இன்னொரு கொப்பி போடவா மிஸ்?"

போடு.